உரிமை இல்லாதவரிடம் கையெழுத்து எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 61. பிறந்த ஊர் தாராபுரம் பக்கம் ஒரு கிராமம். 1984-ல் கல்யாணமாகி இப்போது கோவையில் இருக்கிறேன். அண்ணன், நான், தம்பி என்று மூன்று பேர். அப்பா பள்ளி ஆசிரியர், 2003-ல் தவறிவிட்டார். அம்மா ஊரில் தம்பியோடு இருக்கிறார். அப்பாவுக்கு 1951-ல் பெரியப்பா, சித்தப்பாவோடு நடந்த பதிவுப் பாகத்தில் 5 ஏக்கர் தோட்டம் வந்தது. அதில் ஒரு ஏக்கரை அப்பாவே 1999-ல் விற்றார், மீதி 4 ஏக்கர். அது தவிர 1978-ல் பி.எஃப். கடன் போட்டு 2 ஏக்கர் மேட்டுக்காடு வாங்கினார். ஊருக்குள் ஒரு வீடு. 2012-ல் பட்டா எல்லாம் அண்ணன், தம்பி பேருக்கு மாறியது எனக்குப் போன மாதம்தான் தெரியும். மேட்டுக்காட்டை 2021-ல் அம்மா அவர்கள் இருவருக்கும் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது ஒரு சோலார் கம்பெனிக்கு மொத்தத்தையும் விற்கப் பேசியிருக்கிறார்கள். தம்பி மகன் வாய்தவறிச் சொன்னதில் ஏக்கர் 40 லட்சம். விடுதலைப் பத்திரம் தயார், வருகிற புதன்கிழமை வந்து கையெழுத்துப் போடு, 3 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். "89-க்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுக்குப் பாகம் இல்லை, அப்பாவும் 2005-க்கு முன்னாடியே போயிட்டார், 40 பவுன் போட்டுத்தான் அனுப்பினோம், 97-லயே கூர்சீட்டு எழுதிப் பிரிச்சாச்சு, நீ கேட்டா அத்தையும் கேட்பாங்க" என்கிறார் அண்ணன். தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரை நினைத்தால் பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்:

போடாதீர்கள் அம்மா, குறைந்தபட்சம் இந்தப் புதன்கிழமை வேண்டாம்.

உங்கள் அண்ணன் அடுக்கிய காரணங்கள் எல்லாம் சரி என்றே ஒரு நிமிஷம் வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்களிடம் எதற்கு விடுதலைப் பத்திரம்? விடுதலைப் பத்திரம் என்றாலே, இந்தச் சொத்தில் எனக்கு உள்ள பாகத்தை இன்னாருக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்றுதான் அர்த்தம். பாகமே இல்லாத பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் யாரும் விடுதலை எழுதி வாங்குவதில்லை. வாங்குகிற கம்பெனியின் வக்கீல் மூலப்பத்திரத்தையும் வாரிசு சான்றிதழையும் பார்த்திருப்பார், மகள் ஒருவர் இருக்கிறார், அவர் கையெழுத்து இல்லாமல் கிரயம் ஆகாது என்று சொல்லியிருப்பார். உங்களுக்கு உரிமை உண்டு என்று ஏற்கெனவே ஒரு வக்கீல், அதுவும் எதிர்ப்பக்கத்துக்கு வேண்டிய வக்கீல், எழுதிக் கொடுத்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, அண்ணன் சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

89 கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு ஒரு மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, 25.3.1989 முதல் மகளையும் மகனைப் போலவே பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்காளியாக்கினார்கள். நாட்டில் முன்னோடியான சட்டங்களில் ஒன்றுதான், ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களை வெளியே நிறுத்திவிட்டது. அதனால் 84-ல் கல்யாணமான உங்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை என்பது உண்மை. பத்திர எழுத்தர்கள் பலர் இன்றைக்கும் அந்த இடத்திலேயே நிற்கிறார்கள். அதற்கப்புறம் 9.9.2005-ல் மத்திய சட்டமே திருத்தப்பட்டது. அதில் கல்யாணமானவர், ஆகாதவர் என்ற பேச்சே கிடையாது, மகளாகப் பிறந்திருந்தால் போதும். 84 என்ன, 74-ல் கல்யாணமாகியிருந்தாலும் மகள் மகள்தான்.

அப்பா 2005-க்கு முன்பே இறந்தது பற்றி அவர் சொன்னது ஒரு காலத்தில் செல்லுபடியான வாதம். 2015-ல் பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம், 9.9.2005 அன்று அப்பாவும் உயிரோடு இருக்க வேண்டும், மகளும் உயிரோடு இருக்க வேண்டும் என்று சொன்னது. 2018-ல் தானம்மா வழக்கில் 2001-லேயே இறந்துபோன ஒருவரின் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. எது சரி என்று கீழ்க்கோர்ட்டுகள் எல்லாம் குழம்பிக் கிடந்தன. 11.8.2020 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு வினீதா சர்மா வழக்கில் அதை முடித்துவைத்தது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. புலாவதி தீர்ப்பு அத்தோடு போயிற்று. உங்கள் அண்ணனுக்கு யோசனை சொல்பவர் 2020-க்கு அப்புறம் எதையும் படிக்கவில்லை போலிருக்கிறது, அல்லது படித்தும் சொல்லவில்லை.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. இவர்கள் தோட்டம், மேட்டுக்காடு, வீடு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "பூர்வீகம், பூர்வீகம்" என்கிறார்கள். நீங்களும் அதே மூட்டையைத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பிரித்துப் பாருங்கள். 1978-ல் பி.எஃப். கடன் போட்டு வாங்கிய 2 ஏக்கர் அப்பாவின் சுயார்ஜிதம், அதாவது அவரே சம்பாதித்து வாங்கிய சொத்து. அதற்கும் 89-க்கும் 2005-க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் சுயார்ஜிதச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், அவரைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் சேர்த்துச் சமமாகப் போகும் என்பது 1956-லிருந்தே சட்டம். உங்கள் பாட்டி அப்போது இல்லை என்று எடுத்துக்கொண்டால் அம்மா, அண்ணன், நீங்கள், தம்பி, ஆக நாலு பங்கு. 200 சென்டில் உங்களுக்கு 50 சென்ட். அப்பா இறந்த அன்றே அது உங்களுடையது ஆகிவிட்டது, யாரும் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை.

அம்மா எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு இருக்கிற 50 சென்ட்டைத்தான் அவர் யாருக்கும் கொடுக்க முடியும். பத்திரத்தில் 2 ஏக்கர் என்று எழுதியிருந்தாலும் உங்கள் 50 சென்ட் அதில் போகாது. அம்மா தன் பங்கை மகன்களுக்குக் கொடுத்தது அவர் இஷ்டம், அதில் அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மகன் வீட்டில் சாப்பிடுகிற வயதான அம்மா எந்த நிலையில் கைநாட்டு வைத்திருப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி 4 ஏக்கர் தோட்டம். 1951 பாகத்தில் அப்பாவுக்கு வந்ததால் அது பிள்ளைகளுக்குப் பூர்வீகம். பிறப்பால் பங்கு அப்பா, அண்ணன், நீங்கள், தம்பி என்று நாலு பேருக்கு, ஆளுக்கு ஒரு ஏக்கர். நம் பக்கத்து வழக்கப்படி இந்தப் பாகத்தில் அம்மாவுக்குத் தனிப் பங்கு கிடையாது. அப்பாவின் ஒரு ஏக்கருக்கு வாரிசாகத்தான் அம்மா வருவார். அந்த ஒரு ஏக்கர் அம்மா, மூன்று பிள்ளைகள் என்று மறுபடி நாலாகப் பிரியும், ஆளுக்கு 25 சென்ட். ஆக உங்களுக்கு 1 ஏக்கர் 25 சென்ட், அண்ணன் தம்பிக்கும் அதேதான், அம்மாவுக்கு 25 சென்ட். பதினாறு பாகத்தில் ஐந்து பாகம் உங்களுக்கு என்று வக்கீல் நோட்டீஸில் எழுதுவார்கள், பயந்துவிடாதீர்கள், இதே கணக்குதான். அண்ணனின் மகன்களும் பங்காளிகள்தானே என்று யாராவது கிளப்புவார்கள். அவர்கள் பங்கு அவர்கள் அப்பாவின் பங்குக்குள்தான் வரும், உங்களுடையதைக் குறைக்காது.

தோட்டத்தில் 1.25, மேட்டுக்காட்டில் 0.50, மொத்தம் 1 ஏக்கர் 75 சென்ட். தம்பி மகன் சொன்ன விலை நிஜமானால் 70 லட்சம் ரூபாய் சொத்து, வீட்டைச் சேர்க்காமலே. அதற்கு 3 லட்சம் தருகிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. மேட்டுக்காடு அப்பா சம்பளத்தில் வாங்கியதில்லை, தோட்டத்து வருமானத்தில் வாங்கியது, அதனால் அதுவும் பூர்வீகம்தான் என்று சகோதரர்கள் வாதாடலாம், பல குடும்பங்களில் இப்படிச் சொல்வார்கள். சொல்லட்டும். அது நிரூபணமானால் அதிலும் உங்களுக்குப் பதினாறில் ஐந்து வரும், அதாவது 50 சென்ட் இல்லை, 62½ சென்ட். அந்த வாதத்தை அவர்கள் வக்கீல் எழுத்தில் வைத்தால் நீங்கள் மறுக்கக்கூட வேண்டாம்.

1999-ல் அப்பா விற்ற ஒரு ஏக்கரை மறந்துவிடுங்கள். 20.12.2004-க்கு முன்னால் நடந்த விற்பனையையும் பாகப்பிரிவினையையும் 2005 திருத்தம் தொடாது. அத்தை விஷயமும் இதே தேதியில்தான் முடிகிறது: 1951-ல் பதிவு செய்து முடிந்த பாகத்தை இன்றைக்கு அத்தை வந்து கிளற முடியாது. உங்களை அடக்க அத்தையைக் கூட்டி வருகிறார்கள், பாவம் அவரை விட்டுவிடச் சொல்லுங்கள்.

அதே தேதியை வைத்துத்தான் அந்த 97 கூர்சீட்டு, அதாவது பதிவு செய்யாமல் வீட்டுக்குள்ளேயே பாகம் பிரித்து எழுதிக்கொண்ட சீட்டு, வருகிறது, கொஞ்சம் கவனிக்க வேண்டியதும் இதுதான். 20.12.2004-க்கு முன் பாகம் ஆகிவிட்டது என்று காட்டினால் மகளை வெளியே நிறுத்தலாம் என்பதால் 2005-க்கு அப்புறம் நாடெங்கும் திடீர் திடீரென்று பழைய கூர்சீட்டுகள் பரணிலிருந்து இறங்கின. ஆனால் சட்டம் அங்கேயே கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரம், இல்லாவிட்டால் கோர்ட்டுத் தீர்ப்பாணை. வாய்மொழிப் பாகம், பதிவில்லாத சீட்டு எல்லாம் பொதுவாகச் செல்லாது. வெகு அபூர்வமாக, அந்தக் காலத்திலேயே அரசு ஆவணங்கள் அதை ஒட்டி மாறியிருந்தால் மட்டும் கோர்ட் யோசிக்கும் என்று வினீதா சர்மா தீர்ப்பே சொல்கிறது. உங்கள் வீட்டில் பட்டா மாறியது 2012-ல். 97-ல் பிரித்தவர்கள் பதினைந்து வருஷம் அப்பா பெயரிலேயே பட்டாவை ஏன் வைத்திருந்தார்கள்? 97-க்கும் 2003-க்கும் நடுவில் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தால் அந்தக் கணக்கைத் தேடுங்கள். முழுத் தோட்டத்தையும் காட்டிக் கடன் வாங்கியிருந்தால் கூர்சீட்டின் கதை அங்கேயே முடிந்தது. இன்னொன்று, 97-ல் பிரித்த தோட்டத்தில் 99-ல் அப்பா எப்படி ஒரு ஏக்கர் விற்றார்? அந்தக் கிரயப் பத்திரத்தில் யார் யார் கையெழுத்து, நிலம் எப்படி வந்தது என்று என்ன எழுதியிருக்கிறார்கள், பாருங்கள்.

கூர்சீட்டை மட்டும் எப்படியாவது போட்டோ எடுத்து வாங்கிவிடுங்கள். முத்திரைத்தாளின் பின்பக்கமும் வேண்டும், விற்பனையாளர் சீல், தேதி, வாங்கியவர் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். சில வருஷங்களுக்கு முன் உங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கு ஒன்றில் 1993 தேதி போட்ட கூர்சீட்டைக் கொண்டுவந்தார்கள். தாள் பழுப்பாக, ஓரம் செல்லரித்து, பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. படித்துப் பார்த்தேன், முதல் வரியே "திருப்பூர் மாவட்டம், தாராபுரம் வட்டம்". திருப்பூர் மாவட்டம் பிறந்ததே 2009-ல், 93-ல் தாராபுரம் பெரியார் மாவட்டத்தில் இருந்தது. எதிர்ப்பக்கத்து வக்கீலிடம் அந்த வரியை மட்டும் விரல் வைத்துக் காட்டினேன், மத்தியானத்துக்குள் சமரசம் பேச வந்துவிட்டார்கள். உங்கள் அண்ணன் அப்படிச் செய்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. நிஜமான சீட்டாகவே இருந்தாலும் பதிவு இல்லை என்பதுதான் முதல் பதில்.

திடீரென்று உயில் ஒன்று முளைத்தாலும் பதற வேண்டாம். மேட்டுக்காட்டுக்கு அப்பா உயில் எழுத முடியும், தோட்டத்தில் தன் கால் பங்குக்கு மட்டும்தான் முடியும், உங்கள் ஒரு ஏக்கரைத் தொட முடியாது. உயிலைச் சாட்சி வைத்து நிரூபிக்கும் பாரமும் அவர்களுடையது.

40 பவுன் பற்றி. கல்யாணத்தில் போட்ட நகை உங்கள் சீதனம், அதைப் பாகத்தில் கழித்துக்கொள்ள சட்டத்தில் வழி கிடையாது. அண்ணனைப் படிக்கவைத்த செலவு, தம்பிக்குக் கடை வைத்துக் கொடுத்த செலவு இதையெல்லாம் அவர்கள் பாகத்தில் கழிக்கிறார்களா என்ன? கோபத்தில் "வரதட்சணை கொடுத்துத்தான் கட்டி வைத்தோம்" என்று நோட்டீஸுக்குப் பதில் எழுதுகிறவர்களும் உண்டு. வரதட்சணை கொடுப்பதும் 1961-லிருந்து குற்றம் என்பதை அவர்கள் வக்கீலாவது நினைவுபடுத்துவார் என்று நம்புவோம்.

பட்டா அவர்கள் பெயரில் இருப்பதால் சொத்து அவர்களுடையது ஆகிவிடாது, பட்டா உரிமைப் பத்திரம் இல்லை. "பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, இனிக் கேட்க முடியாது" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும்தான், உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் அந்தப் பன்னிரண்டு ஓடும். வருஷா வருஷம் தேங்காயும் பொங்கச்சீரும் அனுப்பியிருப்பார்களே, பாகத்தைப் பற்றி எப்போதாவது பேச்சு வந்தபோது "எங்கே போயிடப் போகுது, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது சொல்லியிருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள். இருந்தாலும் இப்போது முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இனி வருஷக்கணக்கில் தள்ளாதீர்கள்.

ஊரில் உள்ள வீட்டைப் பொறுத்தவரை, முன்பெல்லாம் ஆண் வாரிசுகள் பிரிக்கச் சம்மதிக்கும்வரை மகள் பாகம் கேட்க முடியாது என்று ஒரு பிரிவு இருந்தது. 2005-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். கேட்கலாம். ஆனால் அம்மா இருக்கும்வரை வீட்டைத் தொடாதீர்கள் என்பேன், இது வக்கீலாக இல்லை, இப்படிப் பல வீடுகளைப் பார்த்தவளாகச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது என்ன என்றால், முதலில் காகிதம். மூன்று சொத்துக்கும் வில்லங்கச் சான்று எடுங்கள், ஆன்லைனில் கிடைக்கும். 1951 பாகப் பத்திரம் பழையது, பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்க வேண்டியிருக்கும். 1978 கிரயம், 2021 செட்டில்மெண்ட் இவற்றின் நகலும் வேண்டும். அப்பாவின் வாரிசு சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள், விட்டுவிட்டு வாங்கியிருந்தால் அதுவே உங்களுக்கு ஒரு ஆயுதம். பிறகு ஒரு வக்கீல் நோட்டீஸ், அண்ணன் தம்பிக்கும், முடிந்தால் வாங்குகிற கம்பெனிக்கும். என் அனுபவத்தில் இரண்டாவது நோட்டீஸ்தான் வேலை செய்யும், தாவா, அதாவது வழக்கு, வரும் என்று தெரிந்த நிலத்தில் கம்பெனிக்காரர்கள் அட்வான்ஸ்கூடக் கொடுக்கத் தயங்குவார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பாகப்பிரிவினைத் தாவா. கூட்டு அனுபவத்தில் இருப்பதாகத் தாவா போட்டால் சொத்து மதிப்பில் சதவீதம் கட்ட வேண்டியதில்லை, சிறிய நிலையான கட்டணம்தான். விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை கேட்கலாம். தடை கிடைக்காமலே விற்றாலும், தாவா நடக்கும்போது வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். பணத்துக்கு யோசிக்கிறீர்கள் என்றால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100-க்குக் கூப்பிட்டாலும் சொல்வார்கள். ஆனால் தாவா வருஷங்கள் ஓடும், முதல்நிலைத் தீர்ப்பு வாங்கி அப்புறம் இறுதித் தீர்ப்புக்கு இன்னொரு ஓட்டம் இருக்கிறது. அதனால் நோட்டீஸ் கட்டத்திலேயே பேசி முடிப்பதைத்தான் நான் விரும்புவேன். 70 லட்சத்துக்குப் பதில் 50 வாங்கிக்கொண்டு விடுதலை எழுதினால்கூட உங்களைக் குறை சொல்ல மாட்டேன், தெரிந்து விட்டுக்கொடுப்பது உங்கள் பெருந்தன்மை. பணம் வங்கியில் ஏறிய பிறகு எழுதுங்கள், தொகை பத்திரத்தில் முழுசாக இருக்கட்டும், வெற்றுத்தாளிலோ பொது அதிகாரப் பத்திரத்திலோ கையெழுத்து வேண்டாம். பதிவான விடுதலையை ரத்து செய்ய வேண்டுமானால் ஏமாற்றினார்கள் என்று மூன்று வருஷத்துக்குள் போய் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அதில் ஜெயித்தவர்கள் ரொம்பக் குறைவு.

தாய்மாமன் சீருக்கு என்னிடம் சட்டம் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டும் மாமன் வராத கல்யாணத்தைப் பார்த்திருக்கிறேன், கோர்ட்டில் எதிரெதிரே நின்றவர்கள் மாலையும் கையுமாக மேடையேறியதையும் பார்த்திருக்கிறேன். தட்டு வைத்து அழைக்க நீங்களும் உங்கள் வீட்டுக்காரருமாக நேரில் போங்கள், அன்றைக்குச் சொத்துப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி அண்ணன் போன் செய்வார். சண்டை வேண்டாம், 2020 தீர்ப்பையும் ஒப்பிக்க வேண்டாம். "பத்திர நகலையும் அந்தக் கூர்சீட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்புண்ணா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். வந்ததும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.